காக்பிட்டில் துளை போடும் முன்: நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரான்சிலும் ஜெர்மனியிலும் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஓட்டிக்கொண்டிருக்கும் புதுச்சேரி, கடலூர்ப் பிள்ளைகளுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒருவன் எனக்கு நான்கு படங்கள் அனுப்பியிருந்தான். மஞ்சக்குப்பத்துப் பையன், எனக்கு மருமகன் முறை. மூன்று பேர் காசு போட்டு வாங்கிய பழைய ஒற்றை இருக்கைக் கிளைடரைக் குளிர்கால விடுமுறையில் தாங்களே புதுப்பித்துவிட்டதாக எழுதி, “எப்படி மாமா இருக்கு?” என்று கேட்டிருந்தான்.

முதல் படத்தில் காக்பிட்டின் கருவிப் பலகையான பேனலில் சதுரமாக ஒரு புது ஓட்டை, அதில் போன் செருகும் சட்டம். இரண்டாவதில் பழைய ஈய பேட்டரி இருந்த இடத்தில் பளபளப்பாக ஒரு லித்தியம் பேட்டரி. மூன்றாவதில், கிளைடரைத் தரையிறக்க உதவும் ஏர்பிரேக்கின் பிடிக்கு முப்பரிமாண அச்சில் எடுத்த கறுப்பு உறை, கைக்கு வாகாக விரல் பள்ளங்களோடு. நான்காவதில் அவன் அம்மா கடலூரிலிருந்து தைத்து அனுப்பிய இலவம் பஞ்சுத் திண்டு, இருக்கையில் அழகாக உட்கார்ந்திருக்கிறது.

வேலை சுத்தமாகச் செய்திருந்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் படங்களைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனுக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். உங்களில் இன்னும் சிலர் இதே மாதிரி செய்திருக்கிறீர்கள் என்று அவன் சொன்னதால்தான் எல்லோருக்குமாக இந்த மடல்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் முத்தியால்பேட்டைக்காரன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், தெருவில் எங்கள் வீட்டை ‘சொல்தா வீடு’ என்பார்கள். பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போனேன். பிழைப்பு, லிஃப்ட் மெக்கானிக் வேலை. சனி ஞாயிறுகளில் தெற்கு ஆல்ப்ஸ் பக்கம் ஒரு கிளப். கிளைடர் ஓட்டுவதை அங்கே ‘வொல் அ வுவால்’ என்கிறார்கள், பாய் விரித்துப் பறப்பது என்று பொருள். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லே போதுமாக இருந்தது. குளிர்காலத்தில் உறுப்பினர்களே கிளைடர்களைக் கழற்றிப் பார்த்து, துடைத்து, திரும்ப மாட்டுவது அந்த ஊர் வழக்கம். அப்படிப் பட்டறையிலேயே கிடந்து, கடைசியில் கிளைடர் பராமரிப்புக்கான எல் லைசென்ஸும் எடுத்தேன். இப்போது ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன்.

காக்பிட்டில் கையே வைக்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. கிளைடர்காரர்கள் கை வைத்ததால்தான் இந்த விளையாட்டு இவ்வளவு பாதுகாப்பாகியிருக்கிறது. பக்கத்தில் வரும் கிளைடரைக் காட்டி எச்சரிக்கும் ஃப்ளாம் கருவியை 2004 வாக்கில் சுவிட்சர்லாந்தில் கிளைடர் ஓட்டிகளே உருவாக்கினார்கள். காக்பிட்டை மூடும் ஒளி ஊடுருவும் மூடியான கேனபியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சாண் கம்பளி நூலைப் பாருங்கள். காற்று நேராக வருகிறதா, பக்கவாட்டில் வருகிறதா என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல எந்த மின்னணுக் கருவியாலும் முடியாது. ஆகவே புதுமைக்கு நான் எதிரி இல்லை. யாரிடமும் கேட்காமல், எதையும் எழுதி வைக்காமல் மாற்றுவதைத்தான் விடச் சொல்கிறேன்.

சரி, அந்தக் கறுப்பு உறையிலிருந்து தொடங்குகிறேன். என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

கிளைடர் பிடிகளின் நிறம் யாரோ அழகுக்காகப் பூசியது இல்லை. கிளைடரை மேலே ஏற்றும் இழுவைக் கயிற்றை விடுவிக்க மஞ்சள். ஏர்பிரேக்குக்கு நீலம். மூக்கின் சமநிலையைச் சரிசெய்யும் டிரிம்முக்குப் பச்சை. கேனபியைத் திறக்க வெள்ளை, ஆபத்தில் அதைக் கழற்றி எறியச் சிவப்பு. ஐரோப்பியச் சான்றளிப்பு விதியிலேயே இந்த நிறங்கள் இருக்கின்றன. சக்கரத்தை மடக்கும் பிடி பல கிளைடர்களில் கறுப்பு, அதுவும் காக்பிட்டுக்குள் ஏர்பிரேக்குக்குப் பக்கத்திலேயே எங்காவது இருக்கும். தரையிறங்கும்போது ஏர்பிரேக் என்று நினைத்துச் சக்கரப் பிடியை இழுப்பது பழைய வியாதி. வேகம் குறையவில்லையே என்று இன்னும் இழுப்பான், சக்கரம் உள்ளே போகும், வெளியே வரும், கிளைடர் மட்டும் மிதந்துகொண்டே ஓடுபாதையைத் தாண்டும். நீலத்தை மூடிக் கறுப்பைப் போட்டதால், அந்தக் குழப்பத்துக்கு இவனே வாசலைத் திறந்து வைத்திருக்கிறான். அவனுக்குப் பழகிவிட்டிருக்கலாம். அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேருக்கு?

உறையின் பொருளையும் பாருங்கள். முப்பரிமாண அச்சில் பெரும்பாலும் பிஎல்ஏ பிளாஸ்டிக்தான் போடுவீர்கள். அது 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். கோடை வெயிலில் கேனபியை மூடி வைத்த கிளைடருக்குள் கையை விட்டுப் பாருங்கள், தெரியும். திறந்து வைத்த கேனபியோ சில கோணங்களில் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து, தலைச்சாய்வையும் திண்டையும் பொசுக்கியிருக்கிறது. அந்தச் சூட்டில் இளகிய உறை, ஏர்பிரேக்கை முழுதாக இழுக்க வேண்டிய நொடியில் கையோடு கழன்று வந்தால் என்ன செய்வான்?

அடுத்தது பேட்டரி. இதைப் புரிந்துகொள்ள நம் தேவனாம்பட்டினத்து ஃபைபர் படகே போதும். ஐஸ் பெட்டியை அணியத்திலிருந்து பின்னால் தள்ளி வைத்தால் படகு எப்படி மூக்கைத் தூக்கும், அலையில் எப்படித் தடுமாறும் என்று அங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கிளைடரில் அந்தக் கணக்கு இன்னும் நுணுக்கம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி சுமார் இரண்டரை கிலோ. அதே அளவு லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஏறத்தாழ ஒரு கிலோ. ஒன்றரை கிலோ குறைந்துவிட்டது, நல்லதுதானே என்று தோன்றும். எந்த இடத்தில் குறைந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவன் கிளைடரில் பேட்டரி மூக்குப் பக்கம், பெடலுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே இருக்கும் ஒரு கிலோ, கிளைடருக்குக் கிளைடர் மாறினாலும், ஓட்டுபவரின் எடையில் சுமார் இரண்டு கிலோவுக்குச் சமம். ஒன்றரை கிலோவை எடுத்துவிட்டால், அந்தக் கிளைடரை ஓட்டத் தேவையான குறைந்தபட்ச எடை மூன்று கிலோ ஏறிவிடும். காக்பிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் 70 கிலோ என்று இருந்தால் உண்மையில் இப்போது 73. நம் பிள்ளைகள் எத்தனை பேர் 70 கிலோ இருக்கிறீர்கள்? இவன் 58. ஈயக்கட்டி வைத்துத்தான் பறக்கிறான், தகட்டைப் பார்த்து 12 கிலோ வைக்கிறான். இனி அது போதாது, ஆனால் தகடு பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். எடை மையம் பின்னால் போனால் கிளைடர் மேலெழும் காற்றில் வட்டம் போடும்போது இன்னும் இலகுவாக வளையும், அது உங்களுக்குப் பிடித்தும் இருக்கும். சுழன்றுகொண்டே விழத் தொடங்கினால் மட்டும் மீள மறுக்கும்.

லித்தியம் பேட்டரியால் வேறு ஒரு சங்கடமும் உண்டு. ஷார்ட் ஆனால் அது கொட்டும் மின்னோட்டத்தில் வயர் உருகிவிடும். ஃபியூஸ் பேனலில் இருந்தால் போதாது, பேட்டரி முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும். படத்தில் ஃபியூஸ் ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அந்த ஒரு முழ வயர் கூர்மையான ஓர் அலுமினிய விளிம்பில் உரசிக்கொண்டு போகிறது.

போன் சட்டம். விபத்தில் 15 மடங்கு எடை முன்னோக்கி வரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 200 கிராம் போன் மூன்று கிலோ ஆகும். ஒரு கிலோ பேட்டரி 15 கிலோ. சட்டத்தின் திருகு அதைத் தாங்குமா என்று யாராவது பார்த்தீர்களா? பேனலில் ஓட்டை போடும்போது பின்னால் இருக்கும் ரப்பர்க் குழாய்களைக் கழற்றியிருப்பீர்கள். திரும்ப மாட்டும்போது முன்னாலிருந்து மோதும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் பிடாட் குழாயும் சுற்றுக் காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயும் இடம் மாறினால் வேகமானி முள் பூஜ்யத்துக்குக் கீழே போகப் பார்க்கும். இழுவை விமானத்தின் பின்னால் ஓடத் தொடங்கிய பிறகா அதைக் கண்டுபிடிப்பது? காந்தம் வைத்த போன் பிடியைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திசைகாட்டி பழுது என்று புலம்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேனபிச் சட்டத்தில் கேமரா ஒட்டி, அதன் வயரை உடல்பகுதிக்கு இழுத்துக் கட்டாதீர்கள். பாராசூட்டோடு குதிக்க வேண்டிய நேரத்தில் கேனபி சுத்தமாகக் கழன்று பறக்க வேண்டும், ஒரு வயர்கூட அதைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. பல கிளைடர்களில் கேனபியின் பின் விளிம்பில் சின்னதாக ஒரு கொக்கி இருக்கும். ஆகன் நகரத்துப் பேராசிரியர் ரோகரின் ஆய்விலிருந்து வந்தது, அவர் பெயராலேயே ரோகர் கொக்கி என்கிறார்கள். கேனபியின் முன்பக்கம் காற்றில் எழும்பும் வரை பின்பக்கத்தைப் பிடித்து வைத்து, ஓட்டுபவர் தலையில் அடிக்காமல் திருப்பி எறிவது அதன் வேலை. உள்ளே ஏறும்போது உரசுகிறது என்று அதை ராவி எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். எதற்காக இருக்கிறது என்று தெரியாத ஒன்றை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இலவம் பஞ்சுத் திண்டைப் பற்றி எழுதக் கை வரவில்லை, அதை ஒரு தாய் தைத்திருக்கிறாள். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். மெத்தென்று இருக்கும் திண்டு முதுகுத்தண்டுக்கு ஆபத்து. கிளைடர் அடித்து இறங்கும்போது இருக்கை நின்றுவிடும், உடம்பு மட்டும் பஞ்சுக்குள் இன்னும் இறங்கிக்கொண்டே போகும். அந்த இடைவெளியில் வேகம் கூடி, அடியில் போய் மொத்தமாக முட்டும். தரையிலிருந்து கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சில் ஏறும்போது சில நொடிகளில் நூறு கிலோமீட்டர் வேகம் வந்துவிடுகிறது, உடம்பு பஞ்சுக்குள் பின்னால் அமுங்கும், கூடவே கையும் போகும், கையில் கிளைடரை ஓட்டும் ஸ்டிக் இருக்கும். மூக்கு செங்குத்தாக எழும்ப அது போதும். மெதுவாக அமுங்கி, அதைவிட மெதுவாக எழும் அதிர்ச்சி தாங்கும் ஃபோம் தனியாக விற்கிறார்கள். அதை வாங்குங்கள். அம்மா தைத்ததை அறை நாற்காலியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானும் செய்தவன்தான். அப்போது எனக்கு நாற்பது வயது. கையடக்கக் கருவி ஒன்றில் வரைபடம் பார்ப்பதற்காக, பெட்ரோல் பங்க்கில் விற்ற காருக்கான மலிவு சார்ஜர் ஒன்றை வாங்கி காக்பிட் வயரில் இணைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ரேடியோவில் ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் வந்தது. ரேடியோ பழசு, அதனால் என்று நினைத்து ஒலியைக் குறைத்துவிட்டேன். அன்று மாலை ஒரு மலைச்சரிவை ஒட்டிப் பறந்தேன். சரிவு எனக்கு இடப்பக்கம், எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டியவன் நான். வெயில் நேராகக் கண்ணில். எதிரே வந்தவர் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. அவர் தன் இறக்கையைச் சாய்த்து விலகியபோதுதான் பார்த்தேன். அதன் அடிப்பக்கத்தில் எழுதியிருந்த பதிவெழுத்துகள் முழுசாகத் தெரிந்தன, ஒரு தென்னை மரத்து உயரம்கூட இடைவெளி இல்லை. இறங்கியதும் சார்ஜரைப் பிடுங்கினேன், இரைச்சல் நின்றுவிட்டது. மலிவு சார்ஜர்கள் மின்னழுத்தத்தை மாற்றும் விதத்தில், ரேடியோ பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வரைக்கும் குப்பையைக் கொட்டும் என்று பிறகுதான் கற்றேன். அந்த மனிதரிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையை இன்னும் மறக்க முடியவில்லை.

இனி சட்டம். உங்களில் நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறீர்கள். “இது சின்ன மாற்றம்தானே மாமா, அனுமதி எதற்கு?” என்கிறீர்கள். அமெரிக்காவில் பதிவான விமானத்தில் சிறு மாற்றத்தை மெக்கானிக் செய்து பதிவேட்டில் எழுதினால் போதும், எக்ஸ்பெரிமெண்டல் (சோதனை) வகை என்றால் இன்னும் தாராளம். நீங்கள் படிப்பதெல்லாம் அமெரிக்கர்கள் எழுதியது. உங்கள் கிளைடரின் வாலில் இருப்பது பிரெஞ்சுப் பதிவோ ஜெர்மன் பதிவோ. ஐரோப்பிய விதியில் ‘சிறு மாற்றம்’ என்றால், எடை, சமநிலை, உறுதி, நம்பகம், பறக்கும் தன்மை இவற்றில் சொல்லும்படியான விளைவு இல்லாத மாற்றம் என்று பொருள். அதற்கும் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தருவது ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, அல்லது அது அங்கீகரித்த வடிவமைப்பு நிறுவனம். கிளப் தலைவர் தலையாட்டினால் அது ஒப்புதல் ஆகாது.

இதைப் படித்ததும் சோர்ந்துவிடாதீர்கள். நம் மாதிரி ஆட்களுக்காகவே 2015இல் அந்த முகமை ‘சிஎஸ்-ஸ்டேன்’ என்று ஒரு தொகுப்பை வெளியிட்டது. வழக்கமான மாற்றங்களுக்கு எப்படிச் செய்ய வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும், எங்கே செய்யக் கூடாது என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கிளைடர்களுக்கும் பொருந்தும். ரேடியோ, ஃப்ளாம், ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர், கருவி மாட்டும் சட்டங்கள், தலைச்சாய்வு, இருக்கைத் திண்டு வரைக்கும் இருக்கிறது. ஆமாம், திண்டுக்குத் தனியாகவே ஒரு பகுதி. அதில் சொன்னபடியே செய்தால் தனி ஒப்புதல் வேண்டாம். 123-ஆம் எண் படிவத்தில் என்ன செய்தீர்கள் என்று நிரப்பி, உரிமை பெற்றவர் கையெழுத்திட்டு, கிளைடரின் ஏட்டில் சேர்த்துவிட்டால் முடிந்தது. எடை மாறினால் எடைத்தாளும் தகடும் மாற வேண்டும். ரேடியோ அலைவரிசை இடைவெளி 8.33 கிலோஹெர்ட்ஸுக்கு மாறிய சமயத்தில், 2018 ஜனவரிக்குள் எத்தனையோ கிளப்புகளில் ரேடியோக்களை மாற்ற வேண்டியிருந்தது. ஓர் இரவு உட்கார்ந்தால் ஒரு கிளைடருக்கான தாள் வேலை முடிந்துவிடும், நான் செய்திருக்கிறேன். அந்தத் தாள் இல்லாமல் ஏதாவது நடந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

கையில் எடுத்துப் போகும் பொருளுக்கும் பொருத்திய பொருளுக்கும் வித்தியாசம் உண்டு. தொடையில் கட்டிய போன் நீங்கள் கொண்டுபோன பொருள், அதற்குப் பொறுப்பு ஓட்டுபவருடையது. திருகு போட்டுவிட்டால், கிளைடரின் வயரில் இணைத்துவிட்டால், அது கிளைடரின் உறுப்பு. முடிந்தவரை முதல் வகையிலேயே நில்லுங்கள். எக்ஸ்சிசோர் போன்ற, வழி காட்டும் இலவச மென்பொருளை ஓட்ட பேனலை வெட்டவே வேண்டியதில்லை.

இந்தியாவில் பறப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புனே ஹடப்சரில் இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் கிளைடிங் மையம் இருக்கிறது, உங்களில் இரண்டு பேர் அங்கே பழகியதாகச் சொன்னீர்கள். வி.டி. என்று தொடங்கும் பதிவுள்ள எந்தக் கிளைடரிலும் மாற்றம் செய்வது டி.ஜி.சி.ஏ.வின் விதிகளுக்குள்தான். 1934 விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் நடப்பில் இருக்கிறது. நம் நாட்டுக் கிளைடர்களுக்கு நட்சத்திர வரிசையில் பெயர் வைத்தார்கள், தெரியுமா? அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிடம், ஆர்த்ரா. கார்த்திக் முதலில் பறந்தது 1963இல். கணினி கைக்கு எட்டாத அந்தக் காலத்தில், பேனலின் ஒவ்வொரு திருகையும் எடைக் கணக்கில் சேர்த்து, கையால் கூட்டிப் போட்டிருப்பார்கள். ஒரு பேனலை வெட்டும்போது நீங்கள் வெட்டுவது அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான்.

இங்கே பொறியியல் கல்லூரிகளில், ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டர் பெட்டி செய்து வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்பும் தம்பி தங்கைகளுக்கு: செய்யுங்கள், உங்கள் திறமை எனக்குப் பெருமை. பெட்டியோடு ஒரு தாளும் வையுங்கள். எடை எத்தனை கிராம், எத்தனை ஆம்பியர் இழுக்கும், உள்ளே என்ன பேட்டரி, எந்த அளவு ஃபியூஸ், ரேடியோவைத் தொந்தரவு செய்கிறதா என்று பார்த்தீர்களா, திசைகாட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். அந்தத் தாள் இருந்தால், அங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர் உங்கள் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்ப்பார். இல்லாவிட்டால் நல்ல பெட்டியும் அலமாரியில்தான் கிடக்கும்.

மார்ச்சில் உங்கள் பறக்கும் காலம் தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் காக்பிட்டைப் பேனலுக்கு முன்னாலும் பின்னாலும், இருக்கையைக் கழற்றி அதன் அடியிலும் படம் எடுத்து, கிளப்பில் லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள். ஜூலையில் விடுமுறைக்குப் பாண்டி வருபவர்கள் படங்களையும் எடைத்தாளையும் கையோடு கொண்டு வாருங்கள். 14-ஆம் தேதி பிரெஞ்சுத் தேசிய நாள் ஊர்வலம் முடிந்ததும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பிரெஞ்சில் இருந்தாலும் ஜெர்மனில் இருந்தாலும் சேர்ந்து படித்துவிடலாம்.

மஞ்சக்குப்பத்துத் தம்பி, நீ எழுதிய பதிலில் பேட்டரியையும் திண்டையும் எடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தாய், சந்தோஷம். அந்தக் கறுப்பு உறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அதையும் கழற்றி, நீலம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
முத்தியால்பேட்டை மாமா
புதுச்சேரி